ஹாசல்பிளாட் அடம்பிடித்தால்

தனுஷ்கோடியில், 1964 புயலில் சிதைந்த தேவாலயத்துக்கு எதிரே சங்கு விற்கும் ஓர் அம்மாவின் மேசைமேல்தான் என் பழைய ஃபிலிம் கேமரா, ஹாசல்பிளாட் 500சி/எம், முதல்முறையாக ஜாம் ஆனது. அடுத்த படத்துக்கு ஃபிலிமை நகர்த்தும் வைண்டிங் கைப்பிடி அசையவில்லை. ஷட்டர் பட்டன் அழுந்தவில்லை. லென்ஸும் கழலவில்லை. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர், "கொஞ்சம் பலமா சுத்துங்க சார், உப்புக்காத்துல துரு ஏறியிருக்கும்" என்றார். அன்று நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அவர் பேச்சைக் கேட்காமல் இருந்ததுதான். இந்தக் கேமராவில் கைப்பிடிக்குப் பலம் கொடுத்தால் உள்ளே பல்சக்கரம் போகும். அதுவரை சும்மா கிடந்த கோளாறு அப்புறம் நிஜமான கோளாறாகிவிடும்.

ஜாம் என்று நினைப்பதில் பாதி ஜாமே இல்லை. நண்பர் ஒருவர் இரவு 11 மணிக்குப் போன் செய்து, "ஒரு படம் எடுத்ததும் வ்யூஃபைண்டர் கருப்பாயிடுச்சு, முடிஞ்சுதா?" என்று கேட்டார். அவர் கைப்பிடியைச் சுற்றவில்லை, அவ்வளவுதான். இதில் வ்யூஃபைண்டருக்குக் காட்சியைக் காட்டும் மிரர் தானாகத் திரும்பி வராது. அடுத்த படத்துக்கு வைண்ட் செய்தால்தான் இறங்கும். பட்டன் அழுந்தவில்லையா? மேகசினில், அதாவது பின்னால் மாட்டும் ஃபிலிம் பெட்டியில், டார்க் ஸ்லைடு (ஃபிலிம்மேல் வெளிச்சம் படாமல் மறைக்கும் தகடு) செருகியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளே இருக்கும்வரை பட்டன் பூட்டித்தான் இருக்கும். மேகசின் கழலவில்லையா? அதற்கு நேர்மாறு, டார்க் ஸ்லைடைச் செருகினால்தான் கழலும். ஏ12 மேகசினில் 12 படமும் முடிந்திருந்தால் கேமரா மேற்கொண்டு எடுக்க விடாது. பழைய சி லென்ஸ்களில் எம், எக்ஸ், வி என்று ஒரு சிறு நெம்பு இருக்கும். வி என்பது செல்ஃப் டைமர். தெரியாமல் அதில் கை பட்டிருந்தால் பட்டனை அழுத்தியதும் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும், சில நொடி கழித்துத்தான் ஷட்டர் விழும். இவ்வளவு வயதான செல்ஃப் டைமர் பாதியில் நின்றுபோய் லென்ஸையே முடக்கிவிடுவதும் உண்டு. என் லென்ஸில் நான் அதைத் தொடுவதே இல்லை.

இதெல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், முதலில் ஃபிலிமைக் காப்பாற்றுங்கள். டார்க் ஸ்லைடைச் செருகி மேகசினைக் கழற்றி ஓரமாக வையுங்கள். எடுத்த படங்களுக்கு இனி ஆபத்தில்லை. இப்போது கைப்பிடியை மெதுவாக, விரல் நுனியால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால் கோளாறு மேகசினில். ஃபிலிம் கோணலாக ஏறியிருக்கும், அல்லது ஃபிலிமோடு சுற்றிவரும் காகிதத்தின் அம்புக்குறியைச் சரியான இடத்தில் நிறுத்தாமல் மூடியிருப்பீர்கள். கேமராவின் பாடி பிழைத்தது.

மேகசினைக் கழற்றிய பிறகும் சுற்றவில்லை என்றால், லென்ஸும் பாடியும் தாளம் தப்பிவிட்டன. ஏன் தப்புகிறது என்று புரிந்துகொண்டால் கை நடுங்காது.

இந்த ஹாசல்பிளாடின் ஷட்டர் பாடியில் இல்லை, லென்ஸுக்குள் இருக்கிறது. பாடியின் பின்புறம் தெரியும் இரண்டு தகடுகள் வெளிச்சத்தை மறைக்கும் கதவுகள் மட்டுமே. கைப்பிடியைச் சுற்றும்போது பாடியிலிருந்து ஓர் அச்சு லென்ஸுக்குள் போய் அதன் ஸ்பிரிங்கை முறுக்குகிறது. பாடியும் முறுக்கிய நிலை, லென்ஸும் முறுக்கிய நிலை என்றால் சிக்கலில்லை. பாடி முறுக்கியும் லென்ஸ் அவிழ்ந்தும் நின்றால், அந்த அச்சு இரண்டுக்கும் நடுவே கோணம் தப்பி மாட்டிக்கொள்கிறது. நுகத்தடி ஒன்று, மாடு இரண்டு, ஆளுக்கொரு திசை.

மருந்து, நீளமான ஒரு தட்டை ஸ்க்ரூடிரைவர். என்னுடையது மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கியது. அதன் தண்டு முழுக்க, முனையை மட்டும் விட்டுவிட்டு, எலக்ட்ரிகல் டேப்பைச் சுற்றிவைத்திருக்கிறேன். காரணம், நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்துக்கு ஒரு விரல்கூட இடைவெளி இல்லாமல் லென்ஸின் பின் கண்ணாடி இருக்கிறது. வெறும் இரும்பு ஒருமுறை உரசினால் போதும், கோடு நிரந்தரம்.

கேமராவை மடித்த துண்டின்மேல் லென்ஸ் கீழே பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாலுள்ள இரண்டு கதவுகளையும் விரலால் மெல்லத் திறந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மிரர் இறங்கியிருந்தால் அதன் முகத்தில் விரல் படக் கூடாது. அதன் கீழ் ஓரத்தைத் தாண்டித்தான் பார்வையும் ஸ்க்ரூடிரைவரும் போக வேண்டும். ஆழத்தில், லென்ஸ் கண்ணாடிக்கு ஓரமாக, திருகாணித் தலைபோல நடுவில் வெட்டுள்ள ஒரு வட்டம் தெரியும். நான் சொன்ன அச்சின் பின்முனை அதுதான். அது ஒரு ஸ்க்ரூ, அதைக் கழற்ற வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எதையும் கழற்றப்போவதில்லை, சுற்றப்போகிறோம்.

முனை வெட்டில் நன்றாக உட்கார்ந்ததா என்று பார்த்துக்கொண்டு, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்புங்கள். ஸ்பிரிங்கின் எதிர்ப்பு கையில் தெரியும், பழைய சுவர்க்கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல. நிதானமாக, விடாமல் திருப்புங்கள். ஒரு கட்டத்தில் 'டிக்' என்று கேட்கும். நிறுத்துங்கள். லென்ஸ் முறுக்கிக்கொண்டது. லென்ஸ் பூட்டு பட்டனை அழுத்தித் திருகினால் எந்தப் பிடிவாதமும் இல்லாமல் கழன்று கைக்கு வரும்.

எதிர்ப்பே இல்லாமல் சுற்றிக்கொண்டே போனாலும், கல்போல அசையாமல் நின்றாலும் அத்தோடு விட்டுவிடுங்கள். உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது, அது மெக்கானிக் வேலை. ஆனால் மெக்கானிக்கிடம் போகும் முன் இந்த ஒரு சோதனையைச் செய்துவிடுங்கள். என் கேமராவைப் பார்த்த ஒருவர் மேகசினைக்கூடக் கழற்றாமல், "கியர் போச்சு, பார்ட்ஸ் கிடைக்காது" என்று சொல்லி, முழுதாகப் பிரிக்க முன்பணம் கேட்டார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்து, மேலே சொன்னபடி செய்தேன். பயந்து பயந்து செய்ததில் 20 நிமிடம் ஆனது. இப்போதென்றால் 2 நிமிடம்.

லென்ஸ் கழன்ற உடனே திரும்ப மாட்டிவிடாதீர்கள். பாடியில் மட்டும் பட்டனை அழுத்தி, பிறகு வைண்ட் செய்யுங்கள். கதவுகள் திறந்து மூடினால், மிரர் ஏறி இறங்கினால் பாடிக்கு நோயில்லை. பாடியை முறுக்கிய நிலையில் விட்டுவிட்டு லென்ஸின் பின்புறத்தைப் பாருங்கள். அச்சின் வெட்டு அங்குள்ள சிவப்புப் புள்ளிக்கு நேராக நிற்க வேண்டும். நேராக இருந்தால் மாட்டுங்கள். இல்லையென்றால் ஒரு நாணயத்தை வெட்டில் வைத்துத் திருப்பி நேராக்கிவிட்டு மாட்டுங்கள்.

மாட்டியதும் மேகசின் இல்லாமலே 1 நொடி வேகத்தில் பத்து முறை அடித்துப் பாருங்கள், பின்னாலிருந்து பார்த்தபடி. ஷட்டர் முழுதாக முடியும்வரை பட்டனிலிருந்து விரலை எடுக்கக் கூடாது, எடுத்தால் கதவுகள் முந்திக்கொண்டு மூடிவிடும். 'ர்ர்ர்' என்று ஒரே சீராக ஓடி ஷட்டரின் இதழ்கள் மூடினால் நல்லது. இழுத்து இழுத்து ஓடினாலோ பாதியில் மூச்சு வாங்கினாலோ, உள்ளே எண்ணெய் பிசினாகிவிட்டது. அந்த லென்ஸ் ஷட்டரை முடிக்கும் முன்பே நீங்கள் வைண்ட் செய்வீர்கள், மறுபடி ஜாம் ஆகும். அதற்கு ஸ்க்ரூடிரைவர் மருந்தாகாது, லென்ஸை மட்டும் சர்வீஸுக்குக் கொடுங்கள். 500சி/எம் 1970-இல் வந்தது. சி லென்ஸ்கள் 1957-இல் வந்த 500சி காலத்தவை. இந்த வயதில் மனுஷனுக்கே மூட்டு பிடிக்கிறது.

மேகசினைத் திரும்ப மாட்டும்போது அதன் பக்கவாட்டுச் சிறு ஜன்னலில் வெள்ளை தெரிகிறதா, சிவப்பு தெரிகிறதா என்று கவனியுங்கள். பாடி வைண்ட் ஆகியிருக்க, மேகசின் சிவப்பு காட்டினால் ஏற்கெனவே எடுத்த படத்தின்மேல் இன்னொன்று விழும். பாடி வைண்ட் ஆகாமல் மேகசின் வெள்ளை காட்டினால் ஒரு பிரேம் வீண். எனக்கு வீணானது ஒன்று.

சரி, தனுஷ்கோடியில் என்னதான் செய்தேன்? சங்கின் வாயை நெருங்கி எடுக்க, பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் போட்டிருந்தேன். எடுத்து முடித்ததும் லென்ஸையும் டியூபையும் சேர்த்தே பாடியிலிருந்து கழற்றினேன். பிறகு இரண்டையும் பிரித்தபோது கைக்குள் லென்ஸ் 'சட்'டென்று அவிழ்ந்தது. அதைப் பொருட்படுத்தாமல், புள்ளியும் பார்க்காமல், பாடியில் அழுத்தித் திருகினேன். டியூபைப் பாடியில் மாட்டிய பிறகுதான் லென்ஸ் ஏற வேண்டும், இறங்கும்போது லென்ஸ்தான் முதலில். இப்போது அந்த டியூபின்மேல் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, பேனாவால் எழுதிவைத்திருக்கிறேன்: 'நான் கடைசி.'