செட்சாவை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் கல்யாணத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் கீபோர்டு வாசிக்கிற ஆள் நான். போன வருடம் ஒரு தோட்டத்துத் திருவிழாவில் ஒலிபெருக்கியைச் சரிபார்ப்பதற்காகக் கைப்பேசியில் இருந்த செட்சா என்ற செர்பியப் பாடகியின் பாட்டைப் போட்டுவிட்டேன். பந்தலில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த பெரியவர், ஒரு காலத்தில் நாதஸ்வரம் வாசித்தவர், அப்படியே நின்றுவிட்டார். "என்னப்பா இது, அரபிப் பாட்டா? மாயாமாளவகௌளை மாதிரி இருக்கு" என்றார். அன்றிலிருந்து குழுப் பையன்கள் விடவில்லை, யார் அந்தம்மா, எதை முதலில் கேட்பது என்று ஆளாளுக்குத் துளைக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதல் வேலை, பெயரைச் சரியாகச் சொல்வது. ஆங்கில எழுத்தில் சி, ஈ, சி, ஏ என்று இருப்பதைப் பார்த்துவிட்டு சீக்கா, செக்கா என்றெல்லாம் கூப்பிடுகிறார்கள். செர்பிய மொழியில் அந்த 'சி'க்கு 'ட்ஸ்' ஒலி, அதனால் செட்சா. அது செல்லப் பெயர்தான். முழுப் பெயர் ஸ்வெத்லானா, பிறந்த வீட்டுப் பெயர் வெலிச்கொவிச், கல்யாணத்துக்குப் பிறகு ரஷ்னாதொவிச். 'ஜே' வந்தால் 'ய' என்று படியுங்கள், தலையில் குறி போட்ட 'எஸ்' வந்தால் 'ஷ'. இது போதும், வரிகளைத் திறந்து வைத்துக்கொண்டு கூடவே முணுமுணுக்கலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே வூக் கராஜிச் என்பவர் பேசுகிறபடியே எழுத வேண்டும் என்று அந்த எழுத்தைச் சீர் செய்துவிட்டுப் போய்விட்டார், ஆங்கிலம் மாதிரி ஒன்றை எழுதி வேறொன்றைப் படிக்கிற வம்பு கிடையாது. தேடும்போது பெயரோடு ஆண்டையும் சேர்த்துப் போடுங்கள். வெறும் பெயரைப் போட்டால் யாரோ ஒட்டிப்போட்ட மூன்று மணி நேரக் கலவைதான் வந்து நிற்கும். அதில் 1989 பாட்டும் 2013 பாட்டும் அடுத்தடுத்து வரும், குரல் எங்கே தடித்தது, எங்கே இறங்கியது என்று ஒன்றும் பிடிபடாது.

இரண்டாவது, செட்சாவிலேயே தொடங்காதீர்கள். ஒரு வாரமாவது அவருக்கு முந்தினவர்களைக் கேளுங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, செர்பியாவும் சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவில் கிராமத்து ஆட்கள் தொழிற்சாலை வேலைக்கென்று பட்டணம் பட்டணமாக வந்தார்கள், கூடவே அவர்களுடைய பாட்டும் வந்தது. அந்தச் சாயலிலேயே இசையமைப்பாளர்கள் புதிதாக மெட்டுப் போட்டார்கள், அதற்குப் 'புதிதாக இயற்றிய நாட்டுப்பாடல்' என்றே பெயர். படித்த கூட்டம் அதை மூக்கைச் சுளித்துப் பார்த்தது, கேசட்டோ விற்றுத் தள்ளியது. பால்மரத் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்புக்கு வந்த பிறகும் உறுமியை விடாதவர்கள் நாம், இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. பாட்டு வளர்ந்த இடம் கஃபானா. சாப்பாடும் குடியும் ஒரே கூரைக்குக் கீழ், மூலையில் அக்கார்டியனோடு ஒரு குழு, நடுவில் மேஜை மேஜையாகப் போய்ப் பாடுகிற பாடகி. பாட்டு பிடித்துவிட்டால் ஆட்கள் நோட்டை எடுத்து அக்கார்டியனில் செருகுவார்கள், சில சமயம் வாசிப்பவரின் நெற்றியிலேயே ஒட்டுவார்கள். நம் கல்யாணத்தில் பத்து வெள்ளி நோட்டைச் சட்டைப்பையில் திணித்துவிட்டு "அந்தப் பழைய பாட்டைப் போடு தம்பி" என்கிற மாமாக்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கஃபானாப் பாட்டை ஸ்டேடியத்துக்குத் தூக்கிக்கொண்டு போனவர் லெப்பா பிரேனா. சொந்தப் பெயர் ஃபாஹ்ரெத்தா யாஹிச், 1960இல் பொஸ்னியாவின் துஸ்லாவில் பிறந்தவர். 1983இல் யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டிக்கான யூகோஸ்லாவியத் தேர்வு மேடையில் இந்த மாதிரிப் பாட்டோடு ஏறினார், நாடே அதைப் பற்றிப் பேசியது. அவருடைய 80களின் பாட்டைக் கேட்டால் சிரிப்பும் குறும்பும்தான் முன்னால் நிற்கும். செட்சாவிடம் அது கிடையாது, அந்தம்மாவுக்கு அழுகையும் ஆத்திரமும்தான். இந்த வித்தியாசம் காதில் விழுந்த பிறகு மேலே போங்கள்.

செட்சா பாடுகிற இந்த வகைப் பாட்டுக்கு டர்போ ஃபோக் என்ற பெயர் எப்படி வந்தது என்று பையன்கள் கேட்கிறார்கள். மொண்டினீக்ரோக்காரர் ராம்போ அமடேயஸ், அதுவும் மேடைப் பெயர்தான், நாட்டுப்பாட்டுக்கு டர்போ எஞ்சின் மாட்டியதுபோல என்று கிண்டலுக்கு வைத்தது. கிண்டல் காணாமல் போய்ப் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. தோட்டத்து லயன் வீடுகளில் வைத்த பட்டப்பெயர் அடையாள அட்டைப் பெயரையே விழுங்கிவிடுகிறதே, அந்தக் கதைதான்.

சரி, இப்போது செட்சா. பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு நடுவில் கோடு கிழியுங்கள். இடப்பக்கம் ஆல்பம், வலப்பக்கம் அந்த வருடம் ஊரில் என்ன நடந்தது. இதைச் செய்யாமல் கேட்டால் பாதிதான் கேட்கிறீர்கள். கூகிளைப் பார்த்தே நிரப்பலாம், பெரிய வேலை இல்லை.

1988: முதல் ஆல்பம். 1973இல் பிறந்த பெண், அப்போது வயது பதினைந்து. வளர்ந்தது ஷித்தொராஜா என்ற தெற்குச் செர்பிய ஊரில், நம் ஊரைப் போலவே பெரிய பட்டணத்துக்காரன் வரைபடத்தில் தேடிப் பார்க்கவேண்டிய இடம். இதில் அக்கார்டியன்தான் ராஜா, குரல் மெல்லிசாக இருக்கும். அவசரம் இருந்தால் இரண்டு பாட்டோடு நிறுத்திக்கொள்ளலாம்.

அங்கிருந்து நேராக 1993க்குப் போங்கள். இங்கே நின்று நிதானமாகக் கேளுங்கள். யூகோஸ்லாவியா உடைந்துவிட்டது, குரோஷியாவிலும் பொஸ்னியாவிலும் போர், 1992 மே மாதத்திலிருந்து செர்பியா மீது ஐ.நா. பொருளாதாரத் தடை. பணவீக்கம் எப்படி என்றால், 50,000 கோடி தினார் என்று அச்சடித்த ஒரே நோட்டு புழக்கத்துக்கு வந்தது. காலையில் வாங்கிய சம்பளம் சாயங்காலம் செல்லாக் காசு. அந்த வருடத்து ஆல்பத்தில் போரும் இல்லை, பசியும் இல்லை, ஒரு பெண் தன்னை விட்டுப் போனவனைத் திட்டிக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும் இருக்கிறாள். ஊர் எரியும்போது இது என்ன பாட்டு என்று கோபப்பட்டவர்கள் அங்கேயே நிறையப் பேர் உண்டு. அதுதான் வேண்டியிருந்தது, நல்லது எதுவும் மிச்சமில்லாதபோது மனிதன் வேறு எதைக் கேட்பான் என்றவர்களும் உண்டு. எனக்கு இரண்டுமே சரியாகத்தான் படுகிறது. அடுத்த ஆண்டு, 1994இல், பிங்க் என்ற தனியார் தொலைக்காட்சி வந்தது. மினுமினுப்பான உடையும் விலையுயர்ந்த காரும் அதன் பிறகுதான் இந்தப் பாட்டோடு ஒட்டிக்கொண்டன.

இனி 1995 பிப்ரவரி 19. இதைத் தாவிவிட்டுப் போகாதீர்கள். அன்றைக்குத்தான் அவர் ஷெல்கோ ரஷ்னாதொவிச்சைக் கல்யாணம் செய்தார், ஊர் அறிந்த பெயர் அர்க்கான். மாப்பிள்ளை முதல் உலகப் போர்க் காலத்துச் செர்பிய ராணுவ உடையில் வந்தார். பெண் வீட்டில் உயரத்தில் கட்டியிருந்த ஆப்பிளை வழக்கப்படி துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தித்தான் பெண்ணை அழைத்துப் போனார். எல்லாம் தொலைக்காட்சியில் ஓடியது, பிறகு வீடியோ கேசட்டாகவும் விற்றது. இணையத்தில் இன்னும் கிடக்கிறது, பாருங்கள். ஆனால் பார்க்கும் முன் அந்த மாப்பிள்ளை யார் என்று தெரிந்துகொண்டு பாருங்கள்: ஐரோப்பா முழுவதும் வங்கிக் கொள்ளைக்குத் தேடப்பட்டவர், 'புலிகள்' என்று அழைக்கப்பட்ட துணைப்படையின் தலைவர், 1992 ஏப்ரலில் பொஸ்னியாவின் பியெல்யினா நகரத்தில் பொதுமக்களைச் சுட்டுக் கொன்றது அந்தப் படை. ஹேக் நகரத்தில் இருந்த, யூகோஸ்லாவியப் போர்க்குற்றங்களுக்கான சர்வதேச நீதிமன்றம் 1997இல் அவர் மீது குற்றச்சாட்டுப் பதிவு செய்தது. விசாரணைக்குப் போகவில்லை, 2000 ஜனவரி 15 அன்று செர்பியத் தலைநகர் பெல்கிரேடில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

நம் குழுவில் ஒருவன், பாட்டு வேறு வாழ்க்கை வேறு அண்ணே, எதற்கு இதையெல்லாம் இழுக்கிறீர்கள் என்றான். தம்பி, நான் இழுக்கவில்லை, அவர்களே கேசட் போட்டு விற்றிருக்கிறார்கள். குரலை ரசிக்கலாம், நானும் தினம் ரசிக்கிறேன், அதற்காகப் பியெல்யினாவில் செத்தவர்களை அடிக்குறிப்பு ஆக்க முடியாது. யாருக்காவது இந்தப் பாட்டை அறிமுகப்படுத்தினால் இதையும் சேர்த்தே சொல்லுங்கள். பாதிக் கதை சொல்லி ரசிகராக்கினால் மீதிக் கதை தெரிகிற அன்றைக்கு உங்களைத்தான் திட்டுவார்கள்.

1996, 1997 ஆல்பங்கள்தான் உச்சம் என்பது என் கட்சி. இசை அலெக்சாண்டர் மிலிச், வரிகள் மரீனா துட்சாகொவிச். மரீனா கோவிட் வந்து 2021இல் இறந்துவிட்டார், யூகோஸ்லாவியக் காலத்திலிருந்து எத்தனையோ பாடகர்களுக்கு எழுதியவர். இந்த இரண்டு ஆல்பத்தையும் ஹெட்போனில் கேளுங்கள், கார் ஸ்பீக்கரில் வேண்டாம். குரல் நெஞ்சிலிருந்து கனமாக வருவதும், வரி முடிகிற இடத்தில் சின்னதாக ஒரு பிர்கா விழுவதும் அப்போதுதான் தெரியும்.

அதற்குப் பிறகு வேகமாகப் போகலாம். கணவர் இறந்த பிறகு ஒரு இடைவெளி, 2001இல் புது ஆல்பம், 2002இல் ரெட் ஸ்டார் ஸ்டேடியத்தில் பிரமாண்டக் கச்சேரி. 2003 மார்ச் 12 அன்று பிரதமர் ஜோரான் ஜின்ஜிச் கொல்லப்பட்டதும் போலீஸ் பெரிய வேட்டையில் இறங்கியது, அதில் செட்சாவும் கைதாகி நான்கு மாதம் போல் உள்ளே இருந்தார். வீட்டில் ஆயுதங்கள் கிடைத்தன. 2006இல் சாவா நதியும் டான்யூபும் சேருகிற உஷ்ச்செ மைதானத்தில் லட்சத்துக்கு மேல் கூட்டம். 2011இல், கணவரிடமிருந்து கைக்கு வந்த ஒபிலிச் கால்பந்துக் கிளப்பின் ஆட்டக்காரர்களை விற்ற பணத்தில் கையாடல், ஆயுதம் வைத்திருந்தது என்ற வழக்குகளில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 லட்சம் யூரோ அபராதமும் வீட்டுக்காவலும் பெற்றார். அதே 2011இல் புது ஆல்பமும் வந்தது. தாளின் இரண்டு பக்கமும் ஒரே வரியில் நிரம்புகிற வருடம் அது.

வாசிக்கிறவர்களுக்கு இனி. பெரியவர் சொன்ன மாயாமாளவகௌளை முக்கால்வாசி சரி. அங்கே அடிக்கடி வருவது துருக்கியர் ஆண்ட காலத்திலிருந்து ஊறிய ஹிஜாஸ் என்ற ராகம். கீழ்ப்பாதி மாயாமாளவகௌளையேதான், மேலே காகலி நிஷாதத்துக்குப் பதில் கைசிகி நிஷாதம் வரும், ஆக நம் கணக்கில் வகுளாபரணம். 'டி'யிலிருந்து தொடங்கினால் டி, இ ஃபிளாட், எஃப் ஷார்ப், ஜி, ஏ, பி ஃபிளாட், சி. கோர்க் கீபோர்டு வைத்திருப்பவர்கள் அக்கார்டியன் ஒலியை எடுத்துக்கொள்ளுங்கள், பால்கன் நாடுகளில் பாதிப் பேர் அந்தக் கோர்க்கைத்தான் வாசிக்கிறார்கள். ஜாய்ஸ்டிக்கைச் சும்மா ஆட்டாதீர்கள், வரியின் கடைசிச் சுரத்தில் மட்டும் ஒரு சின்ன அசைவு போதும், நாதஸ்வரக்காரர் எங்கே அசைப்பாரோ அங்கே. தாளம் பெரும்பாலும் சாதாரண நான்குதான். தெற்குச் செர்பியா, மாசிடோனியா பக்கத்து நாட்டுப்பாட்டு ஏதாவது ஏழில் வந்து மாட்டினால் பயப்படாதீர்கள், மூன்று இரண்டு இரண்டு என்று எண்ணுங்கள், அது மிஸ்ர சாப்பு. உறுமிப் பையன்களிடம் விட்டால் நம்மை விட முதலில் பிடித்துக்கொள்கிறார்கள், நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

ஒன்றே ஒன்று, கோயில் பந்தலில் இதை வாசிக்க வேண்டாம். கல்யாணத்தில், அதுவும் சாப்பாடு முடிந்து நெருங்கின சொந்தம் மட்டும் மிஞ்சி ஆடுகிற நேரத்தில், வரி இல்லாமல் மெட்டை மட்டும் நுழைத்துப் பாருங்கள். போன தடவை பெண்ணுடைய அத்தை ஒருவர் அதற்கு ஆடிவிட்டு, இது எந்தப் படத்துப் பாட்டு தம்பி என்று கேட்டார். விளக்கத் தொடங்கினேன், யுத்தம் வருவதற்குள் அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக்கு வருகிறவர்கள் 1993ஐயும் 1997ஐயும் கேட்டுவிட்டு வாருங்கள், தாளையும் எடுத்து வாருங்கள். யாராவது ஒரு அடாப்டரும் கொண்டுவந்தால் நல்லது, என்னுடையதை எலி கடித்துவிட்டது.