நாரிப்பிடிப்புக்குப் பிறகு வெள்ளாமை வேலைக்குத் திரும்புதல்

பெரும்போக வெட்டு முடிந்து மூடை ஏற்றும் நாட்களில் நாரி, அதாவது கீழ்முதுகு, பிடித்துக்கொள்வது மட்டக்களப்புப் படுவான்கரையிலும் சம்மாந்துறை வயல்வட்டைகளிலும் புதிதில்லை. பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் நோவு தணிந்துவிடும். ஆனால் அதற்குப் பிறகும் மண்வெட்டியைத் தொடப் பயந்து மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறவர்கள் உண்டு. 1993இல் கோர்டன் வாடெல் என்ற ஸ்கொத்லாந்து எலும்பு வைத்தியரும் அவருடன் வேலை செய்தவர்களும் இந்தப் பயத்தை அளக்க 16 வாக்கியங்கள் கொண்ட கேள்விக்கொத்து ஒன்றை வெளியிட்டார்கள். வேலை நாரியைக் கெடுக்கும் என்று எவ்வளவு நம்புகிறீர்கள் என்பதே அதன் மையம். நோவின் கடுமையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தபோதும், வேலை இழப்போடு அந்த நம்பிக்கை நெருங்கிச் சேர்ந்திருந்தது. பயப்படுபவர் குனியமாட்டார். குனியாத உடம்பு இறுகும், பலம் குறையும். பிறகு ஒரு வாளி தூக்கினாலும் நோகும். "சொன்னேன்தானே" என்று பயம் இன்னும் கூடும்.

வேலையைத் தொடங்குமுன் சில ஆபத்தான அறிகுறிகள் இல்லை என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். மறைவிடத்தைச் சுற்றி உணர்ச்சியில்லாமல் விறைத்தல், சிறுநீர் போகாமை அல்லது தெரியாமல் போதல், மலம் அடக்க முடியாமை, கால் நாளுக்கு நாள் பலமிழத்தல் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். விழுந்து அடிபட்டு வந்த நோவு, காரணமில்லாமல் உடம்பு மெலிதல், முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் வைத்தியரைப் பார்க்காமல் விடக்கூடாது. சேற்றில் நின்று வேலை செய்தவருக்குக் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் நாரி நோவும் சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்கு எண்ணெய் போட்டு உருவிக்கொண்டிருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போகலாம்.

ஸ்கேனில் "தட்டு பிதுங்கியிருக்கு" என்று, அதாவது முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் இருக்கும் தட்டு வெளியே தள்ளியிருக்கிறது என்று எழுதியிருந்தால் உடனே கலங்க வேண்டாம். நோவே இல்லாதவர்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, 20 வயதில் நூற்றுக்கு 30 பேருக்கும் 50 வயதில் 60 பேருக்கும் அந்தப் பிதுக்கம் இருந்தது.

இனி ஒரு கொப்பித்தாள் எடுங்கள். செய்யப் பயப்படும் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பயத்தின் அளவை 0 முதல் 10 வரை போடுங்கள். குனிந்து செருப்பை எடுப்பதற்கு 2, கிணற்றில் அள்ளுவதற்கு 4, வரம்பு செதுக்குவதற்கு 6, பூச்சிமருந்து அடிக்கும் டாங்கி சுமப்பதற்கு 7, உரமூடைக்கு 10 என்று வரலாம். 3 அல்லது 4 உள்ள வேலையில் தொடங்குங்கள். செய்யுமுன் என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ அதை எழுதுங்கள்: "நாரி பிடிக்கும், நாளைக்கு எழும்ப ஏலாது." மறுநாள் காலை உண்மையில் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். இந்த இரண்டு வரியையும் எழுதாமல் வேலையை மட்டும் செய்தால் பயம் அவ்வளவாக இறங்காது; தப்பித்தது அதிர்ஷ்டம் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். பயத்தின் எண் பாதியாகும்வரை அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

எவ்வளவு நேரம் செய்வது? மூன்று நாள், நோவு கூடத் தொடங்கும் வரை வரம்பு செதுக்கி நேரத்தைக் குறியுங்கள். 20, 30, 25 நிமிடம் என்றால் சராசரி 25. அதில் ஐந்தில் ஒன்றைக் கழித்து 20 நிமிடத்தில் தொடங்குங்கள். வாரத்துக்கு 2 முதல் 4 நிமிடம் கூட்டலாம். அதிகம் பேர் பிழைவிடுவது நல்ல நாளில்தான்: உடம்பு இலேசாக இருக்கிறது என்று முழு வரம்பையும் முடித்துவிட்டு மூன்று நாள் பாயில் கிடப்பார்கள். நல்ல நாளிலும் 20 நிமிடத்தோடு நிறுத்துங்கள், மோசமான நாளிலும் அதைச் செய்து முடியுங்கள். செய்யும்போது நோவு பத்துக்கு 4 வரை ஏறி, மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்கு இறங்கினால் ஆபத்தில்லை. இறங்காவிட்டால் அடுத்த முறை கொஞ்சம் குறையுங்கள். கொந்தராத்துக்கு வேலை செய்பவருக்கு இந்த அளவு கட்டுப்படியாகாது. வயற்சொந்தக்காரரான போடியாரிடம் முன்கூட்டியே பேசி, சில வாரத்துக்கு நாட்கூலியாக இலேசான வேலைக்கு மாறுவது நல்லது.

எல்லாப் பயமும் வீண் என்று சொல்லிவிடவும் முடியாது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு நிறுவனமான நியோஷ் தன் கணக்கில் மிகச் சாதகமான நிலையில் தூக்கக்கூடிய பாரமாக வைத்திருப்பது 23 கிலோ. நம்முடைய உரமூடை 50 கிலோ, நெல்மூடை பெரும்பாலும் அதைவிடப் பாரம். ஆகவே 5 கிலோ மணல்பையில் தொடங்கி 10, 15, 25 என்று ஏற்றுங்கள். அதற்கு மேலே உள்ளதை இரண்டு பேராகப் பிடியுங்கள், அல்லது உரத்தை இரண்டு பையாகப் பிரியுங்கள். ட்ரக்டர் பெட்டியின் விளிம்பிலிருந்து தோளில் வாங்குவது நிலத்திலிருந்து எடுப்பதைவிட எவ்வளவோ இலேசு. பாரத்தை உடம்போடு ஒட்டி வைத்து, திரும்பவேண்டுமானால் காலை எடுத்துவைத்துத் திரும்புங்கள். 16 லீற்றர் மருந்து டாங்கியை 8 லீற்றர் மட்டும் நிரப்புங்கள். மருந்தையும் அதே கணக்கில் பாதியாக்க மறக்கவேண்டாம்.

மூச்சைப் பிடித்து, வயிற்றை இறுக்கி, கம்பு மாதிரி நின்று தூக்குவதும் பயத்தின் வேலைதான். சின்னப் பாரங்களுக்கு மூச்சை விட்டபடியே இயல்பாகக் குனியுங்கள். முதுகு வளைவது பிழையில்லை. நாரிக்குப் பெல்ட் போட்டால் முதல் சில நாளோடு கழற்றிவிடுங்கள்.

வீட்டாரும் கவனிக்கவேண்டும். "மனே, குனியாத, நான் எடுக்கன்" என்று தாய் ஓடிவருவது பாசம்தான், ஆனால் அது பயத்துக்குத் தீனி. "இன்டைக்கு எத்தின நிமிசம் செஞ்ச?" என்று கேட்டால் போதும்.

இடையில் நோவு மீண்டும் கூடினால் ஓரிரு நாள் அளவைப் பாதியாக்கி, நடப்பதை விடாமல், பிறகு பழைய அளவுக்கு வாருங்கள். ஆறு வாரம் இப்படிச் செய்தும் பட்டியலில் ஒரு படிகூட ஏற முடியாவிட்டால், அந்தத் தாளையும் கையில் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி பிசியோதெரபிப் பிரிவுக்குப் போங்கள்.