ட்ரேட்மார்க் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்க, முதலில் உத்யம் எடுங்கள்

கடைக்கோ பொருளுக்கோ வைத்த பெயரை ட்ரேட்மார்க்காகப் பதிய ஆன்லைனில் ஒரு கிளாஸுக்கு (அதாவது ஒரு பொருள் அல்லது சேவை வகைக்கு) 9,000 ரூபாய் அரசுக் கட்டணம். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம் என்றால் அதுவே 4,500 தான். 2017-ஆம் ஆண்டு விதிகளிலேயே இந்தச் சலுகை இருக்கிறது. அப்படியும் அண்ணனும் தம்பியும் கூட்டாளிகளாகச் சேர்ந்து மசாலாப் பொடி போடுகிறவர்கள் முழுத்தொகையைக் கட்டிவிட்டு வந்து சொல்லும்போது மனசு கேட்பதில்லை.

நீங்கள் ஒருவரே உரிமையாளர் என்றால் தனிநபராக விண்ணப்பித்தாலே பாதிக் கட்டணம்தான். பார்ட்னர்ஷிப், எல்எல்பி, கம்பெனி என்றால் சிறு நிறுவனம் என்று காட்ட உத்யம், அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான அரசுப் பதிவின் சான்றிதழ் வேண்டும் (ஸ்டார்ட்அப் என்று கேட்பதற்கு அதற்கான அரசு அங்கீகாரம் தனியாக வேண்டும்).

உத்யம் எடுக்க ஒரு ரூபாய்கூடக் கட்டணம் கிடையாது. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் தேடினால் அரசுத் தளம் மாதிரியே தோற்றமுள்ள தனியார் தளங்கள் வந்து நிற்கும், படிவத்தை நிரப்பி முடித்ததும் பணம் கேட்கும். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ஆதார், பான், ஜிஎஸ்டி கட்டாயமுள்ளவர்களுக்கு அந்த எண், இவ்வளவுதான்; எந்த ஆவணத்தையும் பதிவேற்ற வேண்டாம். ஓடிபி ஆதாரோடு இணைந்த செல்போனுக்கு வரும், பழைய நம்பராக இருந்தால் அதை முதலில் மாற்றிவிடுங்கள். பார்ட்னர்ஷிப்பில் நிர்வாகக் கூட்டாளியின் ஆதார் கேட்பார்கள். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லையென்றால் மாவட்டத் தொழில் மையத்தில் உதவி கேளுங்கள். நம் தொழில் பெரியதாயிற்றே என்று தயங்கவும் வேண்டாம், 2025 ஏப்ரல் முதல் முதலீடு 125 கோடி, விற்றுமுதல் 500 கோடி வரை நடுத்தர நிறுவனம்தான், ட்ரேட்மார்க் சலுகைக்கு அதுவும் சிறு நிறுவனக் கணக்கில்தான் வரும்.

சான்றிதழ் வந்ததும் பெயரைச் சரிபாருங்கள். உத்யத்தில் ஒரு பெயர், ட்ரேட்மார்க் விண்ணப்பத்தில் வேறு பெயர் என்றால் சலுகையில் சிக்கல் வரும். விண்ணப்பிப்பது டிஎம்-ஏ படிவம், அதில் விண்ணப்பதாரர் வகையைத் தேர்வு செய்யும் இடத்தில்தான் கட்டணம் முடிவாகிறது, ஆகவே ஆடிட்டரோ வக்கீலோ செய்து கொடுத்தாலும் அந்த ஒரு வரியைப் பணம் கட்டும் முன் நீங்களே பாருங்கள்.

கட்டணம் கிளாஸ் கணக்கு என்பதையும் மறக்கக் கூடாது. சமையல் தேங்காய் எண்ணெய் 29-ஆம் கிளாஸ், அதே பெயரில் தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் 3-ஆம் கிளாஸ். இரண்டும் வேண்டுமென்றால் சலுகையிலேயே 9,000. விற்காத பொருளுக்கெல்லாம் கிளாஸ் சேர்க்காதீர்கள்.

அப்புறம், பணம் கட்டும் முன் ட்ரேட்மார்க் தளத்தில் உங்கள் பெயரைத் தேடிப் பாருங்கள், அது இலவசம். எழுத்து மட்டுமல்ல, உச்சரிப்பு ஒத்த பெயர்களையும் தேட வேண்டும். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் கட்டிய பணம் திரும்பாது.

பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். புதுப்பிக்கும்போது பாதிக் கட்டணம் கிடையாது, தனிநபரானாலும் ஆன்லைனில் கிளாஸுக்கு 9,000 கட்ட வேண்டும்.