பையன் மிலிட்டரி ட்ரெய்னிங்கில் இருக்கிறானா? நாங்கள் செய்த தவறுகளை நீங்கள் செய்யாதீர்கள்

காட்பாடி ஸ்டேஷனில் ரயில் கிளம்பியதும் பிளாட்பாரத்தில் நிற்கும் பெற்றோர் செய்யும் முதல் தவறு, உடனே போன் அடிப்பது. நான் அடித்தேன். ரயில் லத்தேரியைக்கூடத் தாண்டியிருக்காது. "ஏறி உட்கார்ந்தாச்சாடா?" என்று கேட்டேன், என்னவோ நான் கண்ணால் பார்க்காத மாதிரி.

நாங்கள் கணியம்பாடிப் பக்கம். கம்மவான்பேட்டையை எங்கள் பக்கத்தில் ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், தாத்தா, அப்பா, பேரன் என்று தலைமுறை தலைமுறையாக மிலிட்டரிக்குப் போன வீடுகள் அங்கே அத்தனை உண்டு. அந்த வீட்டுப் பெண்களுக்கு இதெல்லாம் பழக்கம். எங்கள் வீட்டில் இவன்தான் முதல் ஆள், அதனால் எல்லாத் தவறையும் நாங்களே செய்து பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அவன் எந்த ட்ரெய்னிங் சென்டரில் இருந்தான் என்று மட்டும் இங்கே எழுதப் போவதில்லை, ஏன் என்பது பின்னால் வரும். வேலூர்ப் பையன்கள் வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமெண்ட் சென்டருக்கும் போவார்கள், பெங்களூர் மெட்ராஸ் சாப்பர்ஸுக்கும் போவார்கள், ஹைதராபாத் பீரங்கிப் படை சென்டர், ஜபல்பூர் சிக்னல்ஸ் என்றும் போவார்கள். எங்கே போனாலும் வீட்டில் இருப்பவர்களின் கதை ஒன்றுதான்.

போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். அப்புறம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை கொஞ்ச நேரம் கொடுப்பார்கள், அதுவும் சென்டருக்கு சென்டர் மாறும், அந்த வாரம் பேரக்குக்கு (பையன்கள் சேர்ந்து தங்கும் கட்டடம்) தண்டனை என்றால் அதுவும் கிடையாது. இது தெரியாமல் எங்கள் வீட்டில் பன்னிரண்டு நாள் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் ஒரு நாளைக்கு முப்பது தடவை அடித்து "ஸ்விட்ச்டு ஆஃப்" என்ற குரலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் இல்லையென்றால் விபரீதம் என்று மனசு நினைத்துக்கொள்ளும். நிஜத்தில் ஏதாவது ஆகியிருந்தால் சென்டரிலிருந்து அவர்களே கூப்பிட்டிருப்பார்கள். தகவல் இல்லாத நாள் என்றால் பையன் காலையில் ஓடி, பகலில் பரேட் செய்து, ராத்திரி படுத்ததும் தூங்கிப்போன நாள் என்றுதான் அர்த்தம். போகும்போதே அவனுடைய கம்பெனி (சென்டருக்குள் அவன் இருக்கும் படைப்பிரிவு) பெயர், ஆபீஸ் நம்பர், தபால் முகவரி மூன்றும் எப்போது கிடைத்தாலும் அனுப்பச் சொல்லி, காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். அந்த நம்பரும் அவசரத்துக்குத்தான், தினமும் நலம் விசாரிக்க அல்ல.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமை போனுக்கு வருகிறேன். எங்கள் தவறுகளில் முக்கால்வாசி அந்தப் பத்து நிமிஷத்துக்குள் நடந்தவைதான்.

முதல் போனில் நான் அழுதேன். இரண்டு நிமிஷம். என்னிடமிருந்து பிடுங்கி என் வீட்டுக்காரர் சம்பளம் எந்த அக்கவுண்டில் வரும், பாஸ்புக் யாரிடம் என்று ஆரம்பித்தார். பிறகு பாட்டிக்குக் காது கேட்காது, அவன் கத்த வேண்டும், கத்தினால் அங்கே பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான். தங்கச்சி தன் மார்க்கைச் சொன்னாள். நான் மறுபடி வாங்கி, மாடு சினை பிடிக்கவில்லை, பாட்டிக்குச் சர்க்கரை ஏறிவிட்டது, சொசைட்டியில் நகையை மாற்றி வைத்தோம் என்று வீட்டுக் கஷ்டம் முழுவதையும் கொட்டினேன். "சரிம்மா, டைம் முடிஞ்சிடுச்சு" என்று வைத்துவிட்டான். அவன் எப்படி இருக்கிறான் என்று எங்கள் நான்கு பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. அவன் ஒரு வாரமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சைப் பேச வேண்டிய நேரத்தில், நாங்கள் எங்கள் பயத்தை அவன் தோளில் ஏற்றி அனுப்பியிருக்கிறோம், அவன் ஏற்கெனவே பேக் சுமந்து ஓடிக்கொண்டிருக்கிறான்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். வாரம் முழுக்கத் தோன்றுவதை எல்லோரும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் போட வேண்டும். ஞாயிறு காலையில் பார்த்தால் அதில் பாதி தானாகவே தீர்ந்து போயிருக்கும். மீதியில் அவன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றோ இரண்டோ இருக்கும். ஒருவர்தான் பேசுவது, மற்றவர்கள் ஸ்பீக்கரில் கேட்பது. கேள்வியும் மாறியது. "நல்லா இருக்கியா?" என்றால் "இருக்கேன்" என்பான், அதோடு முடிந்துவிடும். "இந்த வாரம் இன்னா புதுசா கத்துக் குடுத்தாங்க?" என்று கேட்டால் ஏழு நிமிஷம் நிறுத்தாமல் பேசுகிறான். உஸ்தாத், அதாவது பயிற்சி கொடுப்பவர், எப்படி "சாவ்தான்" (அட்டென்ஷன்) சொல்வார் என்று நடித்துக் காட்டுகிறான், ஆந்திராக்காரப் பையன் தூக்கத்திலும் கால் தட்டுகிறான் என்கிறான். இந்தி தெரியாதே என்று நான் பட்ட கவலை இரண்டாவது மாதமே வீணாகிவிட்டது, எங்களுக்குத்தான் இப்போது அவன் பேச்சு பாதி புரியவில்லை.

இதற்காக எல்லாவற்றையும் மறைக்கவும் கூடாது. சின்னக் கஷ்டத்தைச் சொல்லாமல் விடலாம். வீட்டில் ஒரு சாவு, பெரிய ஆபரேஷன் என்றால் மறைத்துவிட்டு லீவில் வந்தபின் சொல்வது மகா தவறு, அவன் ஜென்மத்துக்கும் மன்னிக்க மாட்டான். நேராகக் கம்பெனி ஆபீஸுக்குச் சொல்லுங்கள், பக்குவமாக அவனிடம் சொல்ல அங்கே ஆள் உண்டு.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ ஒரு போன் வரும். எல்லா வீட்டுக்கும் வரும் போலிருக்கிறது. "என்னால முடியலம்மா." எனக்கு வந்தபோது, கொஞ்சமும் யோசிக்காமல் "வந்துடுடா கண்ணு, அம்மா இருக்கேன்" என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டு ஹவில்தார் பெரியப்பா இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இன்னாம்மா காரியம் பண்ண? பஸ் ஏறி வர்றதுக்கு அது இன்னா ஹாஸ்டலா?" பையன் சேர்ந்திருப்பது அக்னிவீராக, அது நான்கு வருஷ ஒப்பந்தம். இடையில் நமக்குப் பிடிக்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர முடியாது, மிக அபூர்வமான காரணத்துக்கு மேலிடத்து அனுமதியோடுதான் விடுவார்கள். சொல்லாமல் கிளம்பி வந்தால் 1950ஆம் வருஷ ராணுவச் சட்டப்படி அது குற்றம். பையன் அந்த நேரத்தில் கேட்டது வண்டிச்செலவை அல்ல, யாரிடமாவது ஒரு தடவை சொல்லித் தீர்த்துக்கொள்ளப் பார்த்தான். நான் கதவைத் திறந்துவிட்டதும் அவனுக்கு இரண்டு மடங்கு கஷ்டம், உள்ளே இருப்பதும் கஷ்டம், வெளியே அம்மா வா என்கிறாள் என்பதும் கஷ்டம். அதற்காக "ஆம்பளப் பையன் அழுவியா?" என்று அதட்டுவதும் வேண்டாம், அது என் வீட்டுக்காரர் செய்தது. அவனைப் பேச விட்டு, "கஷ்டமாத்தான்டா இருக்கும், அடுத்த ஞாயித்துக்கிழமை பேசலாம்" என்று சொல்லியிருந்தால் போதும். அடுத்த வாரம் அவனுக்கே அது ஞாபகம் இல்லை, பேரக்கில் கேரம் போர்டு வந்ததைப் பற்றிப் பேசினான். நான்தான் ஏழு நாள் தூங்கவில்லை.

ஆனால் சோர்வு வேறு, நோவு வேறு. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் ஒரே இடத்தில் விடாமல் வலிக்கிறது, ராத்திரியிலும் வலிக்கிறது என்று சொன்னால் பொறுத்துக்கோ என்று சொல்லாதீர்கள். திடீரென்று ஓட்டமும் பரேடும் அதிகமாகும்போது எலும்பில் மயிரிழை விரிசல் விழுவது புது ரெக்ரூட்டுகளிடம் சகஜம். மறைத்து ஓடினால் விரிசல் முறிவாகும். பையன்கள் ஏன் மறைக்கிறார்கள் என்றால் ரெலிகேஷன் பயம்: சிகிச்சைக்குப் போய் நாள் விட்டுப்போனால் பின்னால் வரும் பேட்சோடு சேர்த்துவிடுவார்கள். பெற்றோரும் "பேட்ச் போயிடுமேடா" என்று அந்தப் பயத்தை ஏற்றிவிடுகிறோம். கொஞ்ச வாரம் போனால் போகட்டும், கால் முக்கியம். சிஎம்சிக்குக் கூட்டிவந்து காட்டலாமா என்று எங்கள் ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்பார்கள், எங்களுக்கு எந்த நோவுக்கும் அதுதானே நினைவுக்கு வரும், ஆனால் அங்கே மிலிட்டரி ஆஸ்பத்திரி இருக்கிறது, அவன் வாயைத் திறந்து சொன்னாலே பார்ப்பார்கள். அதே மாதிரி, பேச்சு அடங்கிப்போய், தூக்கமே இல்லை, உயிரோடு இருந்து என்ன என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், அதை நடிப்பு என்று தள்ளாமல் அன்றைக்கே கம்பெனி ஆபீஸைக் கூப்பிடுங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசுவார்கள், காசு கிடையாது. உங்களுக்கே தேவைப்பட்டாலும் பேசலாம், வெட்கமில்லை.

சாவு பயத்தைப் பற்றியும் ஒன்று. லாங்கு பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு உண்டு, முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனார்கள், அதில் 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று. எத்தனை வருஷமாக அதன் கீழே நின்று பூண்டு வாங்கியிருக்கிறேன், படித்ததில்லை. பையன் போன மாதம் படித்துவிட்டேன். அந்த 14 மட்டும் மனசில் நின்றுவிட்டது. ஹவில்தார் பெரியப்பாதான் "கழிச்சுப் பாரும்மா, 263 வரும், அவங்க திரும்பி வந்தவங்க. உன் பையன் போருக்கே போகல, கிரவுண்டைச் சுத்தி ஓடிட்டு இருக்கான்" என்றார்.

பார்சல் விஷயம். ஆற்காடு மக்கன் பேடா பத்து வாங்கி, டப்பாவில் போட்டு, கூடவே அவன் கேட்ட பனியன், சாக்ஸ் வைத்து அனுப்பினேன். ஜீராவில் ஊறிய பேடாவையும் சாக்ஸையும் ஒரே பெட்டியில் வைத்தது யார் புத்தி என்று கேட்காதீர்கள். எறும்பு மொய்த்த பெட்டியை உஸ்தாத் முன்னால் பிரித்தானாம். முதலில் என்ன அனுப்பலாம் என்று அவனிடம் கேளுங்கள், சில இடங்களில் தின்பண்டமே விட மாட்டார்கள். விட்டால், காய்ந்த பண்டமாக, ஒரு பேரக்குக்கே பங்கு வைக்கிற அளவு அனுப்புங்கள். மாத்திரை, டானிக், சத்து மாவு டப்பாவெல்லாம் வேண்டாம். துணிக்குள் சுற்றி இரண்டாவது போன் அனுப்புகிற புத்திசாலிப் பெற்றோரும் இருக்கிறார்கள். மாட்டினால் முட்டி போட்டு நகர வேண்டியது பிள்ளைதான். நான் பார்த்தவரை எதையும்விட மதிப்பு கடிதத்துக்குத்தான். இன்லேண்ட் லெட்டரில் நாலு வரி போதும், அவன் அதை மடித்துப் பெட்டியில் வைத்திருப்பான்.

முதல் போட்டோ வரும்போது தலையில் முடி இருக்காது. அழாதீர்கள். (1806 ஜூலையில் இதே வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்ததற்கு ஒரு காரணமே தாடியை மழி, நெற்றிக் குறியை அழி, புதுத் தொப்பி போடு என்ற உத்தரவுதான் என்று என் வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.) ரத்தினகிரிக்கு முடிக்காணிக்கை நேர்ந்திருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும்.

அந்தப் போட்டோவை என்ன செய்தோம்? என் வீட்டுக்காரர் சென்டர் பெயர், கம்பெனி பெயர், பையன் பெயர், என்றைக்கு லீவு என்பதுவரை எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போட்டுவிட்டார். ராணுவம் 2020 ஜூலையில் தன் ஆட்களிடமே பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்புகளை நீக்கச் சொன்னது. இவர் இங்கே உட்கார்ந்து ஊருக்கெல்லாம் விவரம் கொடுக்கிறார். இரண்டு வாரத்தில் ஒரு போன். "சென்டர்லருந்து பேசறோம், உங்க பையனுக்கு அடிபட்டிருக்கு, அவசரமா பதினஞ்சாயிரம் அனுப்புங்க." பெயர், கம்பெனி எல்லாம் சரியாகச் சொன்னான். நல்ல வேளை, ஜிபே வேலை செய்யவில்லை, பதறிப்போய் சுவரில் இருந்த ஆபீஸ் நம்பருக்கு அடித்தோம். பையன் மெஸ்ஸில் சப்பாத்தி தின்றுகொண்டிருந்தான். சிகிச்சைக்கோ போஸ்டிங்குக்கோ ராணுவம் பெற்றோரிடம் பணம் கேட்காது. ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அடிக்க வேண்டும், ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. இப்போது புரிந்திருக்கும், சென்டர் பெயரை ஏன் எழுதவில்லை என்று.

பணக் கணக்கிலும் அவசரம் வேண்டாம். முதல் வருஷம் மாதம் 30,000 என்று சொல்வார்கள், அதில் 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகும், 21,000தான் கைக்கு. நான்கு வருஷம் முடிந்ததும் அரசு போட்டதும் வட்டியுமாகச் சேர்ந்து 11.71 லட்சம் போல வரும். நிரந்தரமாக எடுப்பது 25 சதவீதம் வரைதான். இதை வைத்து ஏழு வருஷத் தவணையில் வண்டி எடுப்பதும், தங்கச்சி கல்யாணத்துக்கு வாக்குக் கொடுப்பதும் அவனைக் கேட்காமல் செய்யக்கூடாது. எங்கள் வீட்டில் சீட்டு ஒன்று சேர்ந்துவிட்டார்கள், அந்தச் சண்டை இன்னும் ஓடுகிறது.

ட்ரெய்னிங் முடிந்து உறுதிமொழி எடுக்கும் கசம் பரேட் தேதி தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிடுங்கள், தங்க இடமும் பாருங்கள். பல சென்டர்களில் பெற்றோரையும் நிற்க வைத்து கௌரவ் பதக் என்று ஒரு பதக்கத்தைக் குத்திவிடுவார்கள். வேன் பிடித்துச் சொந்தக்காரர் பதினெட்டுப் பேரைக் கூட்டிப்போகாதீர்கள், எத்தனை பேருக்கு அனுமதி என்று முதலில் கேளுங்கள்.

லீவில் வந்தவனை நாங்கள் மறுநாளே கோயில், மாமன் வீடு, சித்தப்பா வீடு என்று இழுத்துப்போக லிஸ்ட் போட்டிருந்தோம். அவன் காலை நாலு மணிக்கு எழுந்து, கம்பளியைச் செங்கல் மாதிரி மடித்து வைத்துவிட்டு, வாசலில் என்ன செய்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தான். லிஸ்டை மடித்து வைத்தேன். மூன்றாம் நாள்தான் ஏழரை மணிவரை தூங்கினான். நான் எழுப்பவில்லை. பாட்டி எழுப்பிவிட்டார், டீ ஆறிப்போகிறதாம்.