தரைக் கல்லை வைத்து, படம் எடுத்தவரைக் கண்டுபிடிப்பது எப்படி?

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஐயா வீடு வருஷத்தில் பாதி நாள் பூட்டித்தான் கிடக்கும். போன பொங்கலுக்குப் போனபோது அந்த வெறுமையைப் படத்தில் பிடித்துவிட வேண்டும் என்று வளவில் (வீட்டின் உள் முற்றத்தில்) நின்று நாற்பது படம் எடுத்தேன். அதில் நல்லது என்று நினைத்ததை அத்தையிடம் நீட்டினேன். "தரையை நல்லா துடைச்சிருக்காளே" என்றார். அவ்வளவுதான்.

நான் நினைத்தது படத்துக்குள் வரவே இல்லை. அடுத்தவர் எடுத்த படங்களைப் படிக்கப் பழகிய பிறகுதான் என் படத்தின் குறை தெரிந்தது. அதே வரிசையில் சொல்கிறேன்.

படி 1: கேமரா எந்த உயரத்தில் இருந்தது?

"இந்தப் படம் என்ன சொல்ல வருகிறது?" என்று ஆரம்பிக்காதீர்கள். எடுத்தவர் எங்கே நின்றார் என்று பாருங்கள். செட்டிநாட்டு வீடுகளில் இது சுலபம், காலடியில் ஆத்தங்குடிக் கல் (பூ வேலை செய்த சிமென்ட் தரைக் கல்) இருக்கிறது. படத்தை போனில் திறந்து, எடிட்டில் பேனாவை எடுத்து, உள்ளே ஓடும் கல் வரிசைகள் இரண்டின் விளிம்புகளை நீட்டி வரையுங்கள். அவை சேரும் புள்ளி வழியாகக் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். அந்தத் தரையில் நிற்கும் ஆளோ தூணோ, எதுவானாலும் அந்தக் கோடு கேமரா இருந்த உயரத்தில்தான் வெட்டும்.

நான் வழுக்கி விழுந்தது இங்கேதான். அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்றில், ஒரு கல்லின் விளிம்பையும் இன்னொரு கல்லில் இருந்த பூ வேலையின் சாய்வுக் கோட்டையும் கலந்து இழுத்தேன். புள்ளி தரையிலேயே விழுந்தது. எடுத்தவர் தவழ்ந்துகொண்டே எடுத்தார் என்று முடிவு கட்டி, வீட்டில் எல்லாரிடமும் சொல்லியும்விட்டேன்! நிஜத்தில் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் கோடுகளை மட்டும் எடுங்கள்.

சரியாகப் போட்டபோது, அப்பத்தாவின் கண் வழியாகக் கோடு போனது. நின்ற ஆளின் கண் உயரத்தில் கேமரா இருந்திருந்தால் அது அவர் தலைக்கு மேல் போயிருக்கும். எடுத்தவர் கேமராவை அப்பத்தாவின் கண் உயரத்துக்கு இறக்கியிருக்கிறார். மரியாதையா, ஸ்டாண்டின் வசதியா என்று கோடு சொல்லாது. ஆனால் அப்பத்தா நம்மை நேராகப் பார்ப்பது போல இருப்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

படி 2: எதை வெளியே விட்டார்?

படத்தின் நான்கு ஓரங்களையும் பாருங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டோரதியா லாங்கே 1936-இல் கலிஃபோர்னியாவின் நிபோமோவில் ஒரு தாயையும் பிள்ளைகளையும் பல படங்கள் எடுத்தார். தள்ளி நின்று எடுத்ததில் கூடாரம் தெரிகிறது. உலகம் அறிந்த படத்தில் தாயின் முகம், முகம் திருப்பிய இரண்டு பிள்ளைகள், மடியில் கைக்குழந்தை, அவ்வளவுதான். நெருங்க நெருங்க இடம் போய், கவலை மட்டும் மிஞ்சியது.

செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் நிறைந்த கானாடுகாத்தான் ஊரின் படங்களையும் இப்படிப் பாருங்கள். சுற்றுலா விளம்பரத்தில் கரண்ட் கம்பி இருக்காது. அதே வீட்டைப் பங்காளி பாகப்பிரிவினைக்கு எடுத்தால் விரிசல் முதலில் வரும்.

படி 3: உங்கள் முறை

எடுப்பதற்கு முன் ஒரு வரி எழுதுங்கள். நான் "இங்கே யாரும் இல்லை" என்று எழுதினேன். இல்லாததைப் படம் எடுக்க முடியாது, இருந்துவிட்டுப் போனதற்கு ஒரு அடையாளம் வேண்டும். பட்டாலையில் கவிழ்த்து அடுக்கிய நாற்காலிகள் கிடைத்தன, ஆணியில் சாவிக்கொத்து கிடைத்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்து எடுத்தேன்.

போன் தானாகவே நிழலை வெளுப்பாக்கிவிடும். வளவு வாசலில் விழும் வெயிலின் மேல் விரலை அழுத்திப் பிடித்துப் பூட்டுங்கள். கல்லின் பூ தெரியும்வரை வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். ஜூமில் 0.5 பக்கமே போகாதீர்கள், ஓரத்துத் தூண்கள் பெருத்துச் சாயும். எனக்கு 2 தான் பிடிக்கும்.

எடுத்ததை, எதுவும் சொல்லாமல் ஒருவரிடம் காட்டுங்கள். இந்த முறை அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சாவி இப்ப யாருகிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

பிற்சேர்க்கை: ஸ்டூடியோப் படத்தில் தரைக் கோடே இல்லையே என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். மேஜையின் இரண்டு பக்க விளிம்புகள் போதும். வட்ட மேஜை என்றால் விட்டுவிடுங்கள்.