தலைமையாசிரியருக்கு ஒரு நோட்டும் ஒரு துணையும்

தலைமையாசிரியராகி நாலாவது வருடம். இன்னொரு பள்ளியை நடத்திவந்த மூத்த தலைமையாசிரியை ஒருவரிடம், "ஒரு நாள் என் அறையில் வந்து உட்கார்ந்து நான் செய்வதைப் பாருங்களேன், மேடம்" என்று கேட்டேன். வந்தார். மூலையில் ஒரு நாற்காலி, மடியில் ஒரு நோட்டு. கடைசி மணி அடித்த பிறகு நோட்டைத் திறந்து, "இன்றைக்கு 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை 14 தடவை சொல்லியிருக்கீங்க, சார்" என்றார். அது நல்லதா கெட்டதா என்று ஒன்றும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டார்.

அதற்கு முன் நான் போய்வந்த பணியிடைப் பயிற்சிகளின் சான்றிதழ்கள் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அந்த ஒரு வாக்கியம் செய்த வேலையை அவற்றில் ஒன்றும் செய்யவில்லை. இப்போது ஓய்வு பெற்று, மற்ற தலைமையாசிரியர்களின் அறைகளில் அதே மூலை நாற்காலியில் உட்காருகிறேன். கோச்சிங் என்று இதற்குப் பெயர். தேர்வுக்குத் தயார் செய்யும் கோச்சிங்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே யாரும் யாருக்கும் பாடம் நடத்துவதில்லை. இதை எப்படித் தொடங்குவது, எங்கே சறுக்கும் என்று நான் பட்டுத் தெரிந்துகொண்ட அளவில் எழுதுகிறேன்.

முதல் வாரம் வெறுமனே எழுதுங்கள்

5 வேலை நாட்கள். கையில் ஒரு சின்ன நோட்டு. ஒரு வேலை முடிந்து அடுத்தது தொடங்கும் ஒவ்வொரு முறையும் நேரம், வந்தவர், வந்த காரியம் மூன்றையும் ஒரு வரியில் குறியுங்கள். எதையும் மாற்ற முயல வேண்டாம். மாற்றினால் நோட்டில் இருப்பது உங்கள் வாரமாக இருக்காது.

வெள்ளிக்கிழமை மாலை அதைப் படித்தால் தலை சுற்றும். பயப்படாதீர்கள். நிர்வாகவியல் அறிஞர் ஹென்றி மின்ட்ஸ்பெர்க் 5 தலைமை நிர்வாகிகளை ஆளுக்கு ஒரு வாரம் கூடவே இருந்து கவனித்து, 1973இல் புத்தகமாக எழுதினார். அவர்கள் செய்த காரியங்களில் பாதி 9 நிமிடத்துக்குள் முடிந்தவை. அந்த ஐவரில் ஒருவர் பள்ளிகளை நிர்வகித்தவர் என்பது எனக்கு ரொம்ப ஆறுதலாக இருந்தது. நாள் துண்டு துண்டாகப் போவது உங்கள் குற்றமில்லை, இந்த வேலையே அப்படி. அந்தத் துண்டுகளில் எவை உங்களுடையவை என்பதுதான் கேள்வி.

அப்புறம் மூன்று நிறப் பென்சில் எடுங்கள். பிள்ளைகள் கற்பதோடு நேரடியாகத் தொடர்புள்ள வரிக்கு ஒரு நிறம். பள்ளி ஓடுவதற்குத் தேவையானதற்கு இன்னொன்று. வேறு ஒருவர் செய்திருக்க வேண்டிய வேலை உங்கள் மேசையில் வந்து விழுந்ததற்கு மூன்றாவது. என் நோட்டில் தினமும் காலை 40 நிமிடம் மூன்றாவது நிறம்: விடுப்பில் இருக்கும் ஆசிரியர்களுக்கு மாற்று வகுப்பு போடுவது. துணைத் தலைமையாசிரியர் என்னைவிட நன்றாகச் செய்வார். பிறகு ஏன் விடவில்லை? உண்மையைச் சொன்னால், காலையிலேயே ஒரு வேலையை முழுசாக முடித்த திருப்தி அதில் கிடைத்தது. வேறு எதிலும் அது கிடைப்பதில்லையே!

யாரைத் துணைக்கு அழைப்பது

உங்களை மதிப்பீடு செய்து அறிக்கை எழுதும் இடத்தில் இருப்பவர் வேண்டவே வேண்டாம். நான் இதில் அடிபட்டவன். முதல் தடவை என் தடுமாற்றங்களை மேலதிகாரி ஒருவரிடம் மனம் விட்டுச் சொன்னேன். ஒரு மாதம் கழித்து, பத்துப் பதினைந்து தலைமையாசிரியர்கள் இருந்த கூட்டத்தில் அதையே உதாரணமாக எடுத்துப் பேசினார். பெயர் சொல்லவில்லைதான், ஆனால் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

நெருங்கிய நண்பரும் சரிப்படாது. உங்கள் கட்சியே பேசுவார். ஏறக்குறைய உங்கள் பள்ளி அளவிலேயே ஒன்றை நடத்தும் இன்னொரு தலைமையாசிரியரோ, ஓய்வு பெற்றவரோ போதும். தொடங்கும் முன்பே பேசிக்கொள்ள வேண்டியவை: சொன்னது அறையை விட்டு வெளியே போகக் கூடாது, பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டதைத் தவிர. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, தேதி முன்கூட்டியே குறித்தபடி. 6 சந்திப்புக்குப் பிறகு இருவரில் யார் வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் நிறுத்திக்கொள்ளலாம்.

மூலை நாற்காலியிலிருந்து தெரியும் விஷயம்

எதை மாற்றப் போகிறீர்கள் என்று கேட்டால், "ஆசிரியர்களை ஊக்கப்படுத்த வேண்டும்", "தொலைநோக்கோடு செயல்பட வேண்டும்" என்றெல்லாம் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் நோட்டை மூடிவிடுவேன். மாற்ற எடுத்துக்கொள்வது, மூலையில் உட்கார்ந்திருக்கும் ஆள் கண்ணால் பார்க்கக்கூடிய, காதால் கேட்கக்கூடிய ஒன்றாக இருக்க வேண்டும். அதுவும் ஒன்றே ஒன்று.

எனக்கு அந்த 'பார்க்கலாம்'. அதற்குப் பதிலாக மூன்று பதில்கள் வைத்துக்கொண்டேன்: 'ஆகும்', 'ஆகாது', 'வியாழக்கிழமை சொல்கிறேன்'. வாய் தவறி 'பார்க்கலாம்' வந்தால் மேசை இழுப்பறைக்குள் இருக்கும் துண்டுக் காகிதத்தில் ஒரு கோடு. மூன்றாவது வாரம் ஒரு நாளைக்கு 5 கோடு என்ற அளவுக்கு வந்தது. ஆய்வகத்துக்குக் கூடுதல் பாடவேளை கேட்டு வாராவாரம் வந்த இயற்பியல் ஆசிரியரிடம் முதன்முதலாக 'ஆகாது' என்றபோது முகம் சிவந்து போனார். ஆனால் அதன் பிறகு அந்தக் கோரிக்கைக்காக அலையவில்லை; இருக்கும் பாடவேளைக்குள் செய்முறையை இரண்டாகப் பிரித்துக்கொண்டார். அவரை ஒரு பருவம் முழுக்க என் வாசலில் நிறுத்தியிருந்தது என் மரியாதையான சொல்தான்.

உட்கார்ந்து பேசும் 45 நிமிடம்

கோச்சிங் பற்றி எழுதிய ஜான் விட்மோர் பிரபலப்படுத்திய 'குரோ' (GROW) என்ற நான்கு படி முறை இதற்கு வசதியானது. என்ன வேண்டும், இப்போது என்ன நிலை, என்னென்ன வழிகள், எதை எப்போது செய்யப் போகிறீர்கள். கேட்க எளிது. ஆனால் எல்லோரும் இரண்டாவது படியைத் தாண்டிக் குதித்து மூன்றாவதுக்கு ஓடுவார்கள். தலைமையாசிரியர்கள் தீர்வு சொல்லியே பழகியவர்கள் இல்லையா! பாதி நேரத்தை இரண்டாவது படியிலேயே செலவிடுங்கள்.

துணைக்கு வருபவர் கேட்கத் தக்கவை: "அவர் சரியாக என்ன வார்த்தை சொன்னார்?" "அதற்கு நீங்கள்?" "இதில் உங்கள் கையில் இருப்பது எது?" 'ஏன்' என்று தொடங்கும் கேள்வியை நான் கூடியவரை தவிர்ப்பேன். "ஏன் அப்படிச் செஞ்சீங்க?" என்றால் அது விசாரணை, எதிரில் இருப்பவர் வக்கீலாகிவிடுவார். "என்ன நடந்தது?" என்றால் கதை வரும்.

கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருப்பது பெரிய வித்தை. ஆசிரியர்கள் வகுப்பில் கேள்வி கேட்டுவிட்டு சுமார் 1 விநாடிதான் பொறுக்கிறார்கள் என்றும், 3 விநாடி பொறுத்தால் மாணவர்களின் பதில்கள் நீளுகின்றன என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். தலைமையாசிரியர்களும் ஒரு காலத்தில் ஆசிரியர்கள்தானே. நான் மனதுக்குள் ஐந்து வரை எண்ணுவேன்.

சங்கடமான பேச்சு ஒன்று காத்திருந்தால், அதன் முதல் வாக்கியத்தை அங்கேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். எழுதிவைத்தால் போதாது. "டீச்சர், நீங்க இன்னும் கொஞ்சம் கவனமா இருக்கணும்" என்பது யாருக்கும் ஒன்றும் சொல்லாத வாக்கியம். "இந்த மாதம் 6 நாள், முதல் மணி அடித்தபோது 7 'பி' வகுப்பில் ஆசிரியர் இல்லை. என்ன நடக்கிறது, டீச்சர்?" என்று சொல்லிப் பாருங்கள். நாலைந்து தடவை சொன்ன பிறகுதான் குரலிலிருந்து கோபம் இறங்கும்.

வகுப்பறைக்குள் போகும்போது

கல்வி ஆய்வாளர் விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தலைமையாசிரியரின் வேலைகளில் மாணவர் கற்றலோடு வலுவான தொடர்பு காட்டியது, ஆசிரியர்கள் கற்றுக்கொள்வதை முன்னெடுத்து அதில் தானும் பங்கேற்பதுதான். அதற்காகப் போகிற வருகிற வகுப்பில் எல்லாம் கருத்து சொல்லிவிடாதீர்கள். அவ்ராஹம் க்ளூகர், ஆஞ்செலோ டெனிசி இருவரின் 1996ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வின்படி, பின்னூட்டம் தந்த நேர்வுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவற்றில் செயல்திறன் குறைந்துதான் போயிருக்கிறது.

என் பழைய முறை: 20 கட்டங்கள் போட்ட படிவம், டிக், கையெழுத்து. நான் உள்ளே நுழைந்ததும் ஓர் ஆசிரியை தயாராக வைத்திருந்த அதே பாடத்தை மூன்றாவது முறையாக நடத்தினார். பிள்ளைகள் கேள்விக்கு முன்பே பதில் சொன்னார்கள். அதோடு படிவத்தை விட்டேன்.

இப்போது சொல்லித்தருவது இது. வகுப்புக்குப் போவதற்கு முந்தின நாளே ஆசிரியரிடம், "நான் எதைக் கவனிக்கட்டும்?" என்று கேளுங்கள். வகுப்பில் பார்த்ததை, கேட்டதை மட்டும் நேரத்தோடு எழுதுங்கள்: '10:12, கடைசி வரிசையில் மூன்று பேர் இன்னும் நோட்டைத் திறக்கவில்லை.' 'ஆர்வமில்லை' என்று எழுதினால் அது உங்கள் ஊகம். அன்றே அல்லது மறுநாள் 15 நிமிடம் பேசுங்கள். அந்தப் பேச்சுக்கு, ஆசிரியர் சம்மதித்தால், உங்கள் துணையையும் கூட்டிப்போங்கள். அவர் கடிகாரம் பார்க்கட்டும். என் முதல் பேச்சில் 15 நிமிடத்தில் 11 நிமிடம் நானே பேசியிருந்தேன்.

படிப்பு, பட்டயம், கருத்தரங்கு எல்லாம் நல்லவைதான். நோட்டில் ஒரு பிரச்சினை தெரிந்த பிறகு போனால் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்து போவீர்கள்.

6 சந்திப்பு முடிந்ததும் நாற்காலியை மாற்றிப் போடுங்கள். அந்த மூத்த தலைமையாசிரியையின் அறைக்கு நானும் ஒரு நாள் நோட்டோடு போனேன். காலை 10 மணிக்குள் 4 பக்கம் எழுதிவிட்டேன். மாலையில் வாசித்துக் காட்டியபோது பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "கதவை இத்தனை தடவையா சாத்தினேன்?" என்று கேட்டுவிட்டு, எழுந்து போய் அதைத் திறந்து வைத்தார்.