பத்து ரப்பர் கொட்டை, இரண்டு சிரட்டை: ரேடியேஷனுக்குப் பின் விழுங்கும் பயிற்சியை விடாமல் செய்வது எப்படி?

அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. கன்னியாகுமரி மாவட்டத்தில், கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பாதி ஆயுளைக் கழித்தவர். நாக்கின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்று தெரிந்ததும் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்தில் சிகிச்சை எடுத்தோம். வாரத்துக்கு 5 நாள், 7 வாரம், மொத்தம் 35 தடவை ரேடியேஷன்.

முதல் வாரமே எங்களை ஸ்பீச் தெரபிஸ்டிடம் அனுப்பினார்கள். “பேச்சு நன்றாகத்தானே வருகிறது, இவர் எதற்கு?” என்று கேட்டேன். விழுங்கக் கற்றுத்தருவதும் அவர்கள் வேலைதான் என்பது அன்றுதான் தெரிந்தது. அவர் கொடுத்த பயிற்சித் தாள் மலையாளத்தில் இருந்தது. எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. அப்பா சின்ன வயதில் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் வாசிக்க வாசிக்க, கிழித்த தினக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். அந்தத் தாள்களைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன். நான் மருத்துவன் இல்லை. உங்கள் தெரபிஸ்ட் சொல்லும் எண்ணிக்கை இதிலிருந்து மாறினால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

எதற்கு இந்தப் பாடு?

விழுங்குவது தசை வேலை. நாக்கு, தாடை, தொண்டை, சங்கு (குரல்வளை) எல்லாம் சேர்ந்து ஒரு நொடியில் முடித்துவிடும். ரேடியேஷன் கட்டியை மட்டும் தொடுவதில்லை, பக்கத்துத் தசையையும் வாட்டுகிறது. வலிக்கிறதே என்று விழுங்காமல் இருந்தால் தசை மெலியும், அப்புறம் இறுகும். அப்பா இதை எனக்கு முன்பே புரிந்துகொண்டார். “சிரட்டையில கிடக்கிற பாலை எடுக்காம விட்டா ஒட்டுப்பாலா போயிரும், அதுதானே மக்கா?” என்றார். அதேதான். சிரட்டையில் (தேங்காய் ஓட்டில்) வடியும் ரப்பர் பாலை எடுக்காமல் விட்டால் இறுகி ஒட்டுப்பாலாகிவிடும், தசையும் அப்படித்தான். 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் தொண்டைப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் எடுத்த 497 பேரைப் பார்த்தார்கள். சிகிச்சை முழுக்க ஏதாவது கொஞ்சம் வாயால் சாப்பிட்டு, பயிற்சியும் செய்தவர்கள்தான் சாதாரணச் சாப்பாட்டுக்கு நன்றாகத் திரும்பியிருந்தார்கள்.

படி 1: முதலில் தொண்டையைச் சோதியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் இருமல் வரும் என்று நினைக்கிறோம். ரேடியேஷனுக்குப் பிறகு சிலருக்கு உணர்வு மங்கி, இருமலே வராமல் உள்ளே இறங்கும். அதனால் பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள், அல்லது மூக்கு வழியாக மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பார்கள். எந்தப் பயிற்சி, எந்தப் பதத்தில் உணவு என்பதையெல்லாம் அதற்குப் பிறகுதான் முடிவு செய்ய வேண்டும்.

படி 2: வாயைத் தயார் செய்யுங்கள்

காய்ந்த வாயில் எச்சிலை இறக்கச் சொல்வது கொடுமை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து மெதுவாகக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். வாய்ப்புண் அதிகமாக இருக்கும் நாட்களில், டாக்டரிடம் கேட்டு, வலி மாத்திரையைப் பயிற்சிக்கு அரை மணி நேரம் முன்னால் கொடுக்கலாம். நிமிர்ந்து உட்காரவேண்டும். சாய்வு நாற்காலி வேண்டாம்.

படி 3: பயிற்சிகள்

பொதுவாக ஒவ்வொன்றும் 10 தடவை, நாளுக்கு 3 வேளை.

தாடை: நோயாளி தன் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தன் பற்களுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கட்டும். மூன்றும் நுழைந்தால் நல்லது. வாய்த் திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தாடை இறுக்கம் என்று கணக்கு. வாயை மெதுவாக முடிந்தவரை திறந்து சில நொடி நிறுத்தி மூடவேண்டும். இறுகிவிட்டால் ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி வைத்துத் திறக்கச் சொல்லித் தருவார்கள். இத்தனை குச்சி என்று அவர்கள் சொல்வதுதான் கணக்கு. இன்னும் ஒன்று போகும்போலிருக்கிறதே என்று திணிக்காதீர்கள்.

நாக்கு: வெளியே நீட்டு, இடப்பக்கம், வலப்பக்கம், மேலே. அவ்வளவுதான். பேரனோடு போட்டி போட்டால் சீக்கிரம் முடியும்.

இறுக்கி விழுங்குதல்: பெரிய மாத்திரையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குவதாக நினைத்துக்கொண்டு, நாக்கு தொண்டை எல்லாவற்றையும் இறுக்கி எச்சிலை இறக்க வேண்டும். அந்த மலையாளத் தெரபிஸ்ட் “துப்பல் இறக்கூ அங்கிளே” என்றதும் அப்பா சட்டென்று பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரிலும் எச்சிலுக்குத் துப்பல் என்றுதான் பெயர்.

நாக்கைக் கடித்து விழுங்குதல்: நாக்கு நுனியைக் கொஞ்சம் வெளியே நீட்டி, பற்களால் மெதுவாகப் பிடித்தபடி விழுங்குவது. வெறும் எச்சிலோடு மட்டும்தான் செய்ய வேண்டும். வாயில் தண்ணீரோ உணவோ இருக்கும்போது செய்தால் அது தவறான பாதையில் போகும்.

சங்கை நிறுத்துதல்: இதுதான் புரிய அதிக நாள் எடுத்தது. கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து எச்சில் இறக்கினால் சங்கு மேலே ஏறி இறங்குவது தெரியும். அது ஏறி உச்சியில் நிற்கும்போது, தொண்டையை இறுக்கி இரண்டு மூன்று நொடி அங்கேயே பிடிக்க வேண்டும். அப்பாவால் ஒரு வாரம் முடியவில்லை. கண்ணாடி முன்னால் உட்காரவைத்தேன். அவர் விரல் அவர் கழுத்தில், என் விரல் என் கழுத்தில். எனக்கும் வரவில்லை! இரண்டு பேரும் முழித்தோம். அப்புறம் ஒருநாள் அவருக்கு வந்துவிட்டது, எனக்கு இன்றைக்கும் சரியாக வராது.

தலையைத் தூக்குதல்: தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்து, தோளைத் தூக்காமல் தலையை மட்டும் தூக்கிக் கால்விரலைப் பார்க்க வேண்டும். முழு அளவு என்பது ஒரு நிமிடம் பிடித்து ஒரு நிமிடம் ஓய்வு என 3 தடவை, அப்புறம் நிறுத்தாமல் 30 தடவை ஏற்றி இறக்குவது. முதல் நாளே இதற்கு ஆசைப்படாதீர்கள், பத்து நொடியில் தொடங்கினாலும் போதும். கழுத்து எலும்பில் தேய்மானம் இருப்பவர்களும், மூச்சுவிடத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் போட்டிருப்பவர்களும் கேட்காமல் செய்யக்கூடாது. அப்பாவுக்குக் கழுத்துவலி உண்டு என்பதால், சுருட்டிய துவர்த்தை (துண்டை) தாடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தபடியே கீழ்நோக்கி அமுக்கச் சொன்னார்கள்.

படி 4: விடாமல் செய்ய

பயிற்சி கஷ்டமில்லை, நினைவு வைப்பதுதான் கஷ்டம். அலுப்பும் சேர்ந்துகொள்ளும். செல்போனில் அலாரம் வைத்தேன். மூன்றாம் நாளே அதை அமுக்கிவிட்டுத் தூங்கினார். ஏசினேன். “ஒரு துப்பல் இறக்குறதுக்கு உனக்கு இவ்வளவு கோவமா?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தார். வேலைக்குப் போகாவிட்டாலும் அப்பாவின் உடம்பு பால்வெட்டு நேரத்தை விடவில்லை. விடியுமுன் வெட்டுக்குப் போகும் நேரத்தில் எழுந்துவிடுவார், வெயில் ஏறியதும் பால் எடுக்கப் போகும் நேரத்தில் வாசலுக்கு வந்து நிற்பார். அந்த இரண்டு நேரத்தையும் பயிற்சிக்கு ஆக்கினார் அம்மா. மூன்றாவது, சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரம். உங்கள் வீட்டில் அது பூசையாகவோ, குழாயில் தண்ணீர் வரும் நேரமாகவோ இருக்கலாம். ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு முடிச்சுப் போடுங்கள்.

எண்ணிக்கைக்கு இரண்டு சிரட்டை, பத்து ரப்பர் கொட்டை. ஒரு தடவை விழுங்கினால் ஒரு கொட்டை இந்தச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்கு. “செய்தீர்களா?” என்று யாரும் கேட்கத் தேவையில்லை, சிரட்டையைப் பார்த்தால் தெரியும். கேள்வி நின்றதும் சண்டையும் நின்றது.

மோசமான நாட்கள் வரும். சிகிச்சையின் கடைசி வாரங்களும் முடிந்த பிறகு இரண்டு வாரமும்தான் வாய்ப்புண் உச்சத்தில் இருக்கும். அப்போது பத்துக்கு மூன்று கொட்டை நகர்ந்தாலும் சரி, வேளையை மட்டும் விடாதீர்கள். மூக்குக் குழாயில் சாப்பாடு போனாலும் எச்சில் விழுங்குவதை நிறுத்தக்கூடாது.

எங்களுக்கு விழுந்த அடி அதற்குப் பிறகுதான். புண் ஆறியது, சொந்தக்காரர்கள் வந்து “எல்லாம் சரியாயிட்டு” என்றார்கள், சிரட்டை திண்ணை மூலைக்குப் போனது. மூன்றாம் மாதம் மீன் சாப்பிடும்போது கரண்டி வாய்க்குள் நுழையவில்லை. விரலை வைத்துப் பார்த்தால் இரண்டுதான் போகிறது. இறுக்கம் மாதங்கள், சிலருக்கு வருடங்கள் கழித்தும் வரும் என்று தெரபிஸ்ட் முதலிலேயே சொல்லியிருந்தார், நாங்கள்தான் காதில் வாங்கவில்லை. மறுபடி மூன்று விரல் நுழைய ஐந்து மாதம் ஆனது.

படி 5: சாப்பாடும் பயிற்சிதான்

நம் ஆட்கள் நோயாளி என்றாலே கஞ்சியைக் கொடுப்போம். கஞ்சித்தண்ணியும் பருக்கையும் தனித்தனியாக நிற்கும் கஞ்சிதான் மிகச் சிரமமானது. பருக்கையை மெல்லும்போதே தண்ணி முந்திக்கொண்டு தொண்டைக்கு ஓடும், புரை ஏறும். மிக்ஸியில் ஒரே பதமாக அரைத்துக் கொடுங்கள். மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளியை) அப்படியே கொடுத்தால் உதிர்ந்து தொண்டையில் ஒட்டும், குழைய மசித்துத் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். மட்டி வாழைப்பழம் எங்கள் பக்கம் பச்சைக் குழந்தைக்குக் கொடுப்பது. அதை மசித்ததுதான் அப்பா முதலில் ரசித்துச் சாப்பிட்டார். மிளகாயும் புளியும் பல மாதம் எரியும், மீன்குழம்புக்கு அவசரப்படாதீர்கள். எந்தப் பதமானாலும் தெரபிஸ்ட் அனுமதித்த பிறகே.

எப்போது உடனே டாக்டரிடம் போகவேண்டும்?

சாப்பிட்டதும் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொளகொளவென்று கேட்டால், ஒவ்வொரு வாய்க்கும் இருமினால், காரணமில்லாமல் காய்ச்சல் வந்தால், எடை இறங்கிக்கொண்டே போனால், முன்பு போன உணவு இப்போது போகாவிட்டால், தள்ளிப்போடாதீர்கள். உணவு நுரையீரலுக்குப் போயிருந்தால் நிமோனியா வரும்.

பல் பிடுங்க வேண்டி வந்தால், ரேடியேஷன் எடுத்ததை முதலிலேயே பல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். ரேடியேஷன் பட்ட தாடை எலும்பில் புண் ஆறுவது கடினம், எலும்பே செத்துப்போகக்கூடும்.

செக்கப்புக்குப் போகும்போது வாரா வாரம் எத்தனை விரல் நுழைந்தது என்று எழுதிய தாளையும் கொண்டுபோங்கள். நாங்கள் காலண்டர் தாளில்தான் எழுதுகிறோம். தேதி முன்பக்கத்திலேயே இருப்பதால் தனியாக எழுத வேண்டியதில்லை.